பினோஷின் உலகப் புகழ்: உழைத்து வாங்கியதா, விநியோகஸ்தர் கொடுத்ததா?

மொட்டைமாடி:

போன வாரம் இன்னொரு இழையில் ஒருத்தர், "உலக நடிகை என்றால் ஜூலியட் பினோஷ் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாம் வெறும் பிரெஞ்சு நடிகைகள்" என்று எழுதிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. அங்கேயே பதில் போட்டால் அந்த இழை நாசமாகும் என்பதால் இங்கே தனியாக ஆரம்பிக்கிறேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. 'த்ரீ கலர்ஸ்: ப்ளூ' நல்ல படம், அதில் நன்றாகவே செய்திருக்கிறார், சரி. ஆனால் பிரான்சுக்கு வெளியே சாதாரண ஆட்களுக்கு அவரைத் தெரிந்தது எதனால்? 'தி இங்கிலீஷ் பேஷண்ட்', அப்புறம் 'சாக்கலேட்'. இரண்டையும் அமெரிக்காவில் கடைவிரித்தது மிராமாக்ஸ். ஆஸ்கர் நேரத்தில் அந்தக் கம்பெனி எப்படி வேலை செய்யும் என்பது ஊரறிந்த கதை. 1997இல் 'இங்கிலீஷ் பேஷண்ட்' 12 பரிந்துரை வாங்கி 9 ஆஸ்கரை அள்ளிக்கொண்டு போனது. அந்த வெள்ளத்தில் இவருக்கும் துணை நடிகை விருது வந்து சேர்ந்தது. மேடையேறிய அவரே, லாரன் பக்கால்தான் வாங்குவார் என்று நினைத்தேன், பேசுவதற்கு எதுவும் தயார் செய்யவில்லை என்றுதான் சொன்னார். 'சாக்கலேட்'டுக்கு 5 பரிந்துரை, அதில் சிறந்த நடிகைக்கும் ஒன்று. இனிப்புக்கடை வைத்து ஊரைத் திருத்துகிற படத்துக்கு!

சொந்த ஊரில் என்ன நிலவரம்? இத்தனை வருஷத்தில் சிறந்த நடிகைக்கான சீசர் (பிரான்சின் தேசியத் திரைப்பட விருது) ஒன்றே ஒன்று, அதுவும் 'ப்ளூ'வுக்கு. 2010இல் பிரெஞ்சு நடிகர் ஜெரார் தெபார்தியூ ஓர் ஆஸ்திரியப் பத்திரிகையிடம், இவரை எதற்காக இத்தனை வருஷம் தூக்கிவைத்து ஆடுகிறார்கள், இவரிடம் ஒன்றுமே இல்லையே என்று சொன்னார். முரட்டுப் பேச்சுதான். ஆனாலும் பிரான்சுக்குள்ளேயே அந்தக் கேள்வி இருக்கிறது என்பது தெரிகிறதல்லவா. 2014இல் 'காட்ஸில்லா'வில் பல்லி வெளியே வருவதற்கு முன்பே செத்துப்போகிற வேஷம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் உலக நடிகை என்ற பட்டத்தை யாரோ எழுதி ஒட்டியதுபோலத்தான் எனக்குத் தெரிகிறது. மறுப்பு இருந்தால் படத்தோடும் வருஷத்தோடும் வாங்க, "அவங்க கண்ணைப் பாருங்க பாஸ்" வகைப் பதில் வேண்டாம்.

மூணாம்ரீல்:

அவங்க கண்ணைப் பாருங்க பாஸ்.

வரிக்குதிரை:

மொட்டைமாடி சார், நீங்கள் கேட்ட வருஷத்தை வரிசையாக எழுதினாலே உங்கள் கட்சியில் பாதி கரைந்துவிடும், எழுதுகிறேன்.

1985இல் ஆந்த்ரே டெஷினேயின் 'ராந்தேவூ'. கான் விழாவில் டெஷினேவுக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கிக் கொடுத்த படம், பினோஷுக்கு அப்போது 21 வயது. 1986இல் லியோ கராக்ஸின் படம். 1988இல் பிலிப் காஃப்மன் என்ற அமெரிக்கர் தன் ஆங்கிலப் படத்துக்கு, செக் நாட்டுப் பெண்ணாக நடிக்க, அப்போதுதான் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த இந்தப் பிரெஞ்சுப் பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். கூட நடித்தவர் டேனியல் டே லூயிஸ். 'தி அன்பேரபிள் லைட்னெஸ் ஆஃப் பீயிங்', அதுதான். மிராமாக்ஸுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வயது 24, ஹாலிவுட் வாசல் திறந்துகிடக்கிறது. தொழில் தெரிந்த எந்த ஏஜெண்டும் என்ன சொல்வார்? போய் நாலு ஆங்கிலப் படம் பண்ணு என்பார். அவர் போனது பாரிஸ் பாலத்தில் படுத்துக்கிடக்கிற, பார்வை போய்க்கொண்டிருக்கும் ஓர் ஓவியப் பெண்ணாக நடிக்க. கராக்ஸின் 'பொன் நெஃப் காதலர்கள்'. 1988இல் தொடங்கிய படம். நாயகன் தெனி லாவானுக்குக் கையில் அடிபட்டது, பாலத்தில் எடுக்க வாங்கியிருந்த அனுமதி நாள் தீர்ந்துபோனது. மோன்பெலியே நகரத்துக்குப் பக்கத்தில் லான்சார்க் என்ற ஊரில் பாலத்தையும் ஆற்றையும் கரையோரக் கட்டடங்களையும் செட்டாகவே போட்டார்கள். பணம் தீர்ந்து படப்பிடிப்பு நின்றது, தயாரிப்பாளர் மாறியதும் ஓடியது, மறுபடி நின்றது. வெளிவந்தது 1991இல். ஏறத்தாழ மூன்று வருஷம்! அந்தப் பெண் வரைவதாகக் காட்டப்படும் படங்கள் பினோஷே வரைந்தவை. விநியோகஸ்தர் தயவில் வாழ்கிறவர் செய்கிற காரியமா சார் இது?

அதற்குப் பிறகு 'ஜுராசிக் பார்க்' வாய்ப்பு வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 'ப்ளூ' எடுத்த போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியிடம் போகிறார். 1993இல் 'ப்ளூ'வுக்காக வெனிஸில் சிறந்த நடிகை. 'இங்கிலீஷ் பேஷண்ட்' படமே அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். மிராமாக்ஸ் இவரைக் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே பெயர் வாங்கிய ஆளை வைத்துக் காசு பார்த்தது. அதே படத்துக்கு பெர்லின் விழாவில் 1997 பிப்ரவரியிலேயே சிறந்த நடிகை விருது கொடுத்துவிட்டார்கள், ஆஸ்கருக்கு ஒரு மாதம் முன்பு. துணை நடிகை என்றுகூட இல்லை.

தெபார்தியூ விஷயத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 2017இல் க்ளேர் தெனி எடுத்த 'லெட் த சன்ஷைன் இன்' படத்தின் கடைசியில் ஒரு ஜோசியக்காரர் வருவார். பினோஷ் எதிரே உட்கார்ந்து, உன் வாழ்க்கையில் இவன் வருவான் அவன் போவான் என்று பேசிக்கொண்டே இருப்பார்; படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகும் பேச்சு நிற்காது. அந்த ஜோசியக்காரர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றுமே இல்லை என்று சொன்ன அதே தெபார்தியூ.

மூணாம்ரீல்:

'காட்ஸில்லா'வில் அவர் சாகிற காட்சியில் பிரையன் க்ரான்ஸ்டன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடிய படத்தில் எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. இதை யார் கணக்கில் எழுதுவது?

ஊதாப்பூ:

நீங்கள் இரண்டு பேரும் மோதிக்கொள்வதில் அந்த முதல் வாக்கியத்தை விட்டுவிட்டீர்கள். "மற்றவர்கள் வெறும் பிரெஞ்சு நடிகைகள்" என்றாரே, எனக்கு எரிகிறது அங்கேதான்.

இஸபெல் யுப்பேரை (தயவுசெய்து ஹப்பர்ட் என்று எழுதாதீர்கள், போன இழையில் நாலு பேர் எழுதியிருந்தார்கள்) எங்கே வைப்பீர்கள்? கான் விழாவில் இரண்டு முறை சிறந்த நடிகை, 1978லும் 2001லும். சீசர் பரிந்துரைகளின் எண்ணிக்கையில் அவரைத் தாண்டிய நடிகை கிடையாது, வென்றது இரண்டு. 1980இல் மைக்கேல் சிமினோவின் 'ஹெவன்ஸ் கேட்'. பிலிப்பைன்ஸில் பிரியாந்தே மெண்டோசாவின் படத்தில், கடத்தப்பட்டுக் காட்டுக்குள் இழுத்துச் செல்லப்படுகிறவர்களில் ஒருவராக நடித்தார். கொரியாவின் ஹாங் சாங்-சூவோடு மட்டும் மூன்று படம். இவர் உலக நடிகை இல்லையாம்!

இசபெல் அஜானிக்கு சீசர் 5, ஆஸ்கர் பரிந்துரை 2. ஹெர்ட்சாக்கின் ஜெர்மன் படம், ஜுலாவ்ஸ்கியின் 'பொசஷன்' எல்லாம் அவர் கணக்கு. கேத்தரின் தெனவ் 1965லேயே லண்டன் போய் போலன்ஸ்கியோடு 'ரிபல்ஷன்' செய்துவிட்டார், அப்போது பினோஷுக்கு ஒரு வயது.

அஜானியும் பினோஷும் ஒரே வேஷத்தைப் போட்டிருக்கிறார்கள் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. சிற்பி கமீய் க்ளோதேல். அஜானி 1988இல் செய்தது பெரிய படம்: சிற்பி ரோதானோடு காதல், களிமண், மழை, கதறல், எல்லாம் உண்டு. பினோஷ் 2013இல் ப்ரூனோ துமோனோடு செய்ததில் மனநல விடுதியில் அண்ணன் தம்பி யாராவது வரமாட்டார்களா என்று மூன்று நாள் காத்திருப்பது மட்டும்தான் கதை (வருவது தம்பி, கவிஞர் போல் க்ளோதேல்). விஷம் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் தன் உருளைக்கிழங்கைத் தானே வேகவைத்துக்கொள்வார். சுற்றி இருக்கிற நோயாளிகள் உண்மையான நோயாளிகள், தாதிகளும் அப்படியே. நான் அஜானி கட்சி, ஆனால் நேர்மையாகச் சொன்னால் எனக்கு ராத்திரி ஞாபகம் வருவது அந்த உருளைக்கிழங்குதான். இதைச் சொன்னதற்காக என்னை பினோஷ் கட்சியில் சேர்த்துவிட வேண்டாம்.

வல்லைவெளி:

வணக்கம். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், 'இங்கிலீஷ் பேஷண்ட்' பற்றிக் கதைப்பதால் மட்டும் உள்ளே வருகிறேன். அந்த நாவலை எழுதிய மைக்கேல் ஒண்டாச்சி கொழும்பில் பிறந்தவர், பிறகு கனடா வந்தவர். எங்கட ஆள் என்று உரிமை கொண்டாடும் ஆசை எனக்கும் உண்டு, விடுங்கோ.

நாவலை வாசித்தவர்களுக்குப் படத்தில் பினோஷின் ஹானாவைப் பார்த்தால் கொஞ்சம் மனவருத்தம் வரும். புத்தகத்தில் ஹானா ரொறன்ரோப் பெட்டை, வயது 20. போரில் தகப்பனை இழந்தவள். அவளும் சீக்கியனான கிப்பும்தான் கதையின் ஒரு பெரிய தூண். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த செய்தி வானொலியில் வந்ததும் கிப் நொறுங்கிப் போவான், வெள்ளைக்காரர்கள் வெள்ளைக்காரர்கள் மேல் இந்தக் குண்டைப் போட்டிருப்பார்களா என்ற கோபம் அங்கே வெடிக்கும். படத்தில் அது இல்லை, துப்புரவாக வெட்டிவிட்டார்கள். ஹானாவை மொன்றியல்காரி ஆக்கினார்கள், ஏன் என்று சொல்லத் தேவையில்லை, பினோஷின் ஆங்கில உச்சரிப்புக்கு ஏற்ற மாதிரி. முழுக் கதையும் பாலைவனத்துக் காதல் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆக மொட்டைமாடி அண்ணை சொல்வதில் ஒரு பங்கு நியாயம் இருக்கு: அந்த விருதுக்குப் பின்னால் பெரிய வியாபாரம் இருந்தது, அந்த வியாபாரத்துக்காகக் கதையே வளைக்கப்பட்டது. ஆனால் மிச்சம் விட்டுவைத்த கொஞ்ச இடத்தில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கோ. கிப் அவளை இரவில் ஒரு தேவாலயத்துக்குக் கூட்டிப்போய், கயிற்றில் கட்டி மேலே தூக்கி, கையில் ஒரு தீவர்த்தியைக் கொடுத்துச் சுவர் ஓவியங்களைப் பார்க்க விடுவான். அவர் அந்தரத்தில் ஆடி ஆடிப் போய்க்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இருக்கே, வசனம் ஒன்றும் கிடையாது, இத்தனை காலம் செத்த உடம்புகளைத் துடைத்துத் துடைத்து மரத்துப் போன ஒரு தாதிக்கு உயிர் திரும்பி வருவதைக் கண் முன்னால் பார்க்கலாம். வெட்டி எறிந்த அத்தியாயங்களின் பாரத்தை அந்த ஒரு சிரிப்பில் சுமந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஒண்டாச்சியின் ஹானா இவர் இல்லை. வேறு ஒரு ஹானா, அவளும் நல்லவள்தான்.

இழை நிர்வாகி:

நடிகையின் வயதையும் உடம்பையும் பற்றி எழுதிய இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். திரும்ப எழுதினால் இழையைப் பூட்டிவிடுவேன்.

மொட்டைமாடி:

அந்த இரண்டும் என் பதிவுகள் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வரிக்குதிரை, ஆரம்ப வருஷங்கள் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பாலத்துக் கதையில் மூன்று வருஷம் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இன்னொரு கேள்வி வைக்கிறேன், இதற்குத்தான் எனக்கு யாரும் ஒழுங்கான பதில் சொன்னதில்லை.

2000க்குப் பிறகு அவர் வேலையைப் பாருங்கள். தைவானின் ஹௌ சியாவ்-சியென் ஆசியாவுக்கு வெளியே எடுத்த முதல் படம்: பினோஷ். ஈரானின் கியரொஸ்தமி வெளியே வந்து எடுத்த முதல் கதைப்படம்: பினோஷ். ஜப்பானின் கொரே-எடா முதல்முறையாக வெளிநாட்டில் எடுத்த 'த ட்ரூத்': பினோஷ், கூடவே தெனவ். ஒவ்வொரு நாட்டிலும் பெரிய பெயர் வாங்கிய இயக்குநர் பிரெஞ்சுக் காசில் ஒரு படம் எடுக்கலாம் என்று வந்தால், வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் மாதிரி இவர் நிற்கிறார். ஏன்? பிரான்சில் கூட்டுத் தயாரிப்புக்குப் பணம் கிடைக்கிற முறை அப்படி. தொலைக்காட்சிக்காரர்கள் பணம் போட வேண்டும், அரசு நிதி வர வேண்டும், அதற்குப் பிரெஞ்சு மொழி வேண்டும், தெரிந்த பிரெஞ்சு முகம் வேண்டும். 'ப்ளூ', ஹானெக்கேயின் 'கோட் அன்னோன்', கியரொஸ்தமியின் 'சர்ட்டிஃபைடு காப்பி' மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே தயாரிப்பாளர், மாரின் கார்மிட்ஸ். தயவு மிராமாக்ஸுடையது என்று நான் சொன்னது அரைகுறை என்றால், அதைத் திருத்தி, கார்மிட்ஸின் கம்பெனியான எம்கே2 தயவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'த ட்ரூத்' கொரே-எடாவின் மெலிந்த படங்களில் ஒன்று என்பதில் இங்கே யாருக்கும் சண்டை இருக்காது.

அப்புறம் 'ப்ளூ' என்றாலே எல்லாரும் அந்தச் சர்க்கரைக் கட்டியைத்தான் சொல்வார்கள். காபியில் கட்டியின் நுனியைத் தொடுவார், காபி ஏறி ஏறி முழுக்க ஊறும். கட்டி ஊற ஐந்து விநாடிக்கு மேல் ஆகக்கூடாது, பார்க்கிறவன் பொறுக்க மாட்டான் என்று கீஸ்லோவ்ஸ்கி கணக்குப் போட்டு, உதவியாளரை விட்டு விதவிதமான கட்டிகளை நனைத்துப் பார்க்கச் சொல்லிப் பொறுக்கி எடுத்தது அது. அதில் நடிப்பு சர்க்கரையுடையது.

வரிக்குதிரை:

சர்க்கரைக்கு விருது கொடுக்கலாம் என்றால் கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே படத்தில் நடந்துகொண்டே விரல் முட்டிகளைக் கல் சுவரில் தேய்த்துக்கொண்டு போவாரே, அது நிஜச் சுவர், நிஜக் கை. அங்கே எந்த உதவியாளரும் நனைத்துப் பார்க்கவில்லை.

பணம் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் பிரெஞ்சு முகம் வேண்டும் என்றால் அந்த நாட்டில் முகங்களுக்கா பஞ்சம்? ஊதாப்பூ மேலேயே மூன்று பேரை வரிசையாக நிறுத்தியிருக்கிறார். இவரையே ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில், இவர் காத்திருக்கவில்லை, தானே தேடிப் போனார். ஹானெக்கேயைத் தொடர்புகொண்டது இவர். துமோனிடம் உங்களோடு வேலை செய்ய வேண்டும் என்று கேட்டதும் இவர்தான். கியரொஸ்தமியைப் பார்க்க டெஹ்ரானுக்கே போனார். அங்கே அவர் இத்தாலியில் தனக்கு நேர்ந்த ஒரு சம்பவம் என்று ஒரு கதையை விலாவாரியாகச் சொல்லி, நம்புகிறாயா என்று கேட்டிருக்கிறார். நம்புகிறேன் என்று இவர் சொன்னதும், அது நிஜமில்லை என்றாராம் அந்த மனுஷன். அந்தப் பொய்தான் 'சர்ட்டிஃபைடு காப்பி' ஆனது. அதற்கு முன்பே 2008இல் கியரொஸ்தமியின் 'ஷிரின்' படத்தில், திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஈரானிய நடிகைகள் நடுவே தலையில் துணியோடு இவர் முகமும் ஒன்றாக வந்து போகும், பெயர் சொல்லாமல், வசனம் இல்லாமல். எந்தக் கூட்டுத் தயாரிப்பு விதி அதைச் செய்யச் சொன்னது?

'சர்ட்டிஃபைடு காப்பி'யில் ஒரு இடம். சாப்பாட்டுக் கடையின் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நிற்கிறார். கண்ணாடி இருக்கிற இடத்தில் கேமரா. அதாவது நம்மைப் பார்த்து உதட்டுச்சாயம் பூசுகிறார், பையைத் துழாவிக் காதணிகளை எடுத்து இதுவா அதுவா என்று வைத்துப் பார்க்கிறார். வெளியே காத்திருப்பவன் கணவனா, காலையில்தான் சந்தித்த எழுத்தாளனா என்பதே நமக்கு நிச்சயமில்லை, இந்தப் பெண்ணோ பதினைந்து வருஷக் கணவனுக்காக அலங்கரித்துக்கொள்கிறவளின் நடுக்கத்தோடு அந்தக் காதணியை மாட்டுகிறாள். கூட நடித்த வில்லியம் ஷிமெல் ஓர் ஆபரா பாடகர், திரைக்குப் புதியவர். பிரெஞ்சு, ஆங்கிலம், இத்தாலியன் மூன்றுக்கும் மாறி மாறித் தாவிப் படத்தை இழுத்துப் போனது இவர்தான். கான் விழாவில் 2010க்கான சிறந்த நடிகை விருது அதற்குத்தான். மேடையில் அவர் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார், அதில் இருந்தது அப்போது ஈரான் சிறையில் இருந்த இயக்குநர் ஜாஃபர் பனாஹியின் பெயர். 2025இல் அதே கான் விழாவுக்கு நடுவர் குழுத் தலைவராகப் போனார், முதல் பரிசான தங்கப் பனை யாருக்குப் போனது? பனாஹிக்கு.

மொட்டைமாடி:

அட்டை தூக்குவது நல்ல குணம். நடிப்புக் கணக்கில் சேராது.

வரிக்குதிரை:

சேர்க்கவில்லை. காதணியைச் சேர்த்தேன், அதற்குப் பதில் காணோம்.

மெட்ரோ ஒன்பது:

பாரிஸிலிருந்து ஒரு குரல். பொன் நெஃப் வழியாகத்தான் தினம் வேலைக்குப் போகிறேன் (பெயருக்குப் 'புதுப் பாலம்' என்று அர்த்தம், இங்கே இன்று நிற்கிற பாலங்களில் பழையது அதுதான்). இங்குள்ள என் பிரெஞ்சுத் தோழிகளிடம் பினோஷ் என்றால் உடனே வாசனைத் திரவிய விளம்பரம்தான் ஞாபகம் வரும், 90களில் லான்கோம் கடை முழுக்க அவர் முகம். வெளியூர்க்காரர்கள் மாதிரி யாரும் பயபக்தியோடு பேசுவதில்லை. 2023இல் 'த டேஸ்ட் ஆஃப் திங்ஸ்' படத்தைப் பிரான்ஸ் ஆஸ்கருக்கு அனுப்பியபோது 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' படத்தை விட்டுவிட்டார்களே என்று வேலை இடத்தில்கூடச் சண்டை போட்டார்கள். அனுப்பிய படத்துக்குப் பரிந்துரைகூட வரவில்லை, அனுப்பாத படம் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியது. அதற்கு நடிகை என்ன செய்வார், பாவம். 'த டேஸ்ட் ஆஃப் திங்ஸ்' ஆரம்பத்தில் நீளமாக ஒரு சமையல் காட்சி வரும், பேச்சு குறைவு. இவரும் பெனுவா மஜிமெலும் ஒரு அடுப்பங்கரையில் ஒருவர் கையை ஒருவர் இடிக்காமல் நகர்வதைப் பார்த்தால் இருபது வருஷம் சேர்ந்து சமைத்தவர்கள் என்று நம்பிவிடுவோம். நிஜத்தில் அவர்கள் ஒரு காலத்தில் சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. 2021இல் 'உயிஸ்ட்ரஹாம்' என்று ஒரு படம், இம்மானுவேல் காரேர் எடுத்தது. ஒரு பெண் எழுத்தாளர் தன்னை மறைத்துக்கொண்டு, கான் நகரத்துப் பக்கம் (விழா நடக்கிற கான் இல்லை, வடக்கே நார்மண்டியில் இருப்பது) துப்புரவுப் பணிப்பெண்ணாகச் சேர்வார். ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிற கப்பலில் கேபின் சுத்தம் செய்கிற வேலை. கேபினுக்கு நாலு நிமிஷம். நான் இங்கே வந்த புதிதில் இரண்டு வருஷம் ஹோட்டல் அறை சுத்தம் செய்திருக்கிறேன், அதனால் படத்தைக் கதையாகப் பார்க்க முடியவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். கூட நடித்தவர்களில் பலர் நிஜமாகவே அந்த வேலை பார்த்த பெண்கள். அவர்கள் படுக்கை விரிப்பை உதறினால் அது போய் விழுகிற இடத்தில் விழும், ஓரத்தை மெத்தைக்குக் கீழே தள்ளும்போது குனிகிறதுகூட ஒரே ஒரு முறைதான், முதுகு அப்படிப் பழகிவிடும். பினோஷ் இரண்டு முறை குனிகிறார். விரிப்பை இழுத்துப் பார்த்துத் திரும்பச் சரி செய்கிறார். படத்தில் அவர் வேஷமும் அந்த வேலை தெரியாமல் நடிக்கிற ஒருத்திதான் என்பதால் அது பொருத்தம் என்று சொல்லலாம், வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ. ஆனால் நிஜப் பணிப்பெண்கள் திரையில் இருக்கிறபோது என் கண் அவர் பக்கம் போகவில்லை.

அவர் கெட்ட நடிகை என்று சொல்லவில்லை. 'கோட் அன்னோன்' மெட்ரோ காட்சியை இந்த ஊர்ப் பெண் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். பெட்டியில் ஒரு பையன் வம்பிழுத்துக்கொண்டே இருப்பான், யாரும் எழுந்திரிக்க மாட்டார்கள், கேமராவும் அசையாது. கடைசியில் முகத்தில் துப்புவான். ஒரு வயசான அரபுக்காரர் மட்டும்தான் அவனை எதிர்ப்பார். எல்லாம் முடிந்த பிறகு அவரிடம் "மெர்சி" என்று சொல்லிவிட்டு உடைந்து அழுவார் பாருங்கள். நான் அந்த மெர்சியைச் சொல்லியிருக்கிறேன், அதே குரலில், வேறு ஒரு பாதையில், வேறு ஒரு ஆளிடம். அதனால் எந்தக் கட்சியிலும் என்னைச் சேர்க்காதீர்கள்.

ஊதாப்பூ:

மெட்ரோ ஒன்பது, அந்த இரண்டு முறை குனிவதை இனிமேல் என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. படத்தை மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன்.

வல்லைவெளி:

தங்கச்சி எழுதினது மனசில நிற்குது. எனக்கும் இங்க வந்த புதிசில இரவு வேலைதான், அலுவலகக் கட்டடங்கள்.

மொட்டைமாடி:

எல்லாரும் ஆளுக்கொரு காட்சியைச் சொல்லிவிட்டதால் நேற்று ராத்திரி ஹௌவின் 'ஃப்ளைட் ஆஃப் த ரெட் பலூன்' போட்டேன். வரிக்குதிரை தனிச்செய்தியில், பியானோ வருகிற வரைக்கும் நிறுத்தாதே என்று சொல்லியிருந்தார்.

நாற்பது நிமிஷத்தில் தூங்கிவிட்டேன், உள்ளது உள்ளபடி சொல்கிறேன். எழுந்து திரும்ப ஓட்டினேன். பாரிஸில் ஒரு குறுகலான வீடு, புத்தகமும் துணியும் சாமானும் இறைந்து கிடக்கிறது. கீழ்வீட்டில் இருந்த பியானோவை மாடிப்படியில் தூக்கி வந்து வைக்கிறார்கள். பார்வையில்லாத ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்து சுருதி சேர்க்கிறார், ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு. பினோஷ் கீழ்வீட்டு வாடகைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு உள்ளே நுழைகிறார், பையன் ஒரு பக்கம், அவனைப் பார்த்துக்கொள்ள வந்த சீனப் பெண் ஒரு பக்கம். கத்துகிறார், நடுவில் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறார், திரும்பக் கத்துகிறார். டங் டங் என்று அந்த ஒற்றைக் கட்டை நிற்கவேயில்லை. எழுதிக்கொடுத்த வசனம் கிடையாதாம், சந்தர்ப்பத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கேமராவை ஓடவிடுவாராம் ஹௌ. பெரிய நடிப்பு ஒன்றும் நடக்கிற மாதிரி தெரியவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் அம்மா குக்கர் விசிலுக்கு நடுவில் போனில் பேசுவது மாதிரி இருந்தது. அந்தக் காட்சிக்குள் யுப்பேரை வைத்து யோசித்துப் பார்த்தேன், அவர் வந்தால் வீடு இவ்வளவு அலங்கோலமாக இருக்காது என்று தோன்றியது. இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை, ஊதாப்பூ கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இவர் ஒருவர்தான் உலக நடிகை என்ற அந்த வாக்கியத்தை இப்போதும் எதிர்க்கிறேன். 'சாக்கலேட்' பற்றிய என் கருத்திலும் மாற்றம் இல்லை. மிராமாக்ஸ் பற்றிச் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன், எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

ஊதாப்பூ:

கோபித்துக்கொண்டேன். யுப்பேர் வந்தால் அந்தச் சுருதிக்காரருக்கே கை நடுங்கும், அது வேறு படம்.

வரிக்குதிரை:

காதணிக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

மொட்டைமாடி:

ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார். என்னிடம் இருக்கிற பிரதியில் இத்தாலியன் பேசுகிற இடங்களுக்கு மட்டும் சப்டைட்டில் வரவில்லை, யாரிடமாவது ஒழுங்கான கோப்பு இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

மூணாம்ரீல்:

சப்டைட்டில் எதுக்கு, அவங்க கண்ணைப் பாருங்க பாஸ்.